நெருப்பு போட்ட ஏழு கடிதங்கள்

நெருப்பு கடிதம் போட்டிருந்தது. ஒன்றல்ல, ஏழு.

ஏழையும் தரை விரிப்பின் மேல் பரப்பி வைத்துக்கொண்டு மேடம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் விஷயம் பிடித்துவிட்டது என்று அர்த்தம். அவருடைய உதவியாளன் கொசு சற்றுப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தான். மேடத்துக்குப் பிடித்த விஷயம் எதுவும் இதுவரை அவனைச் சும்மா விட்டதில்லை.

மேடம் முப்பத்து மூன்று வருடம் கணக்கு டீச்சர். பிள்ளைகளின் பொய்யைப் பிடித்துப் பிடித்துச் சலித்துப்போய், ஓய்வு பெற்றதும் பெரியவர்களின் பொய்யைப் பிடிக்கத் துப்பறியும் அலுவலகம் திறந்தவர். கொசு பஸ் கண்டக்டராக இருந்தவன். வாயினால் அந்த வேலை போனது, அதே வாயினால் இந்த வேலை கிடைத்தது. நாற்பத்திரண்டு வயதில், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பனான பிறகும், காதோரம் ஓயாமல் ரீங்காரம் போடுவதால் ஊரே அவனைக் கொசு என்றுதான் கூப்பிட்டது.

அவர்கள் உட்கார்ந்திருந்த இடம் ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறையின் மாடி. நெருப்பு என்கிற பூதத்தை வசப்படுத்திக் காரியம் சாதிக்கும் மந்திரப் பயிற்சி அங்கேதான் நடந்தது. நடுவில் செப்புக் கிண்ணம், சுற்றிச் சிவப்பு மெழுகுவர்த்திகள், தெற்குச் சுவரில் சூரியன் படம். மூலையில் பளபளவென்று ஒரு தீயணைப்பு சிலிண்டர்.

"கீழே பெட்ரோல், மேலே நெருப்பு. அந்த சிலிண்டருக்குத்தான் தினம் ஒரு பூ வைக்கணும்," என்றான் கொசு.

"வாயை மூடுடா," என்றார் மேடம், வழக்கமான அன்போடு.

வகுப்பு நடத்துபவள் எதிரே அமர்ந்திருந்தாள். ஐம்பது வயது, நெற்றி வரை சிவப்புச் சால்வை. மாணவர்களுக்கு அவள் சுடரம்மா.

"முறையைச் சொல்லுங்க," என்றார் மேடம்.

"தெற்கு பார்த்து உட்காரணும் மேடம். மனசை அழுத்தற விஷயம் ஒண்ணை, ஒரே ஒரு விஷயத்தை, காகிதத்துல எழுதணும். அடித்தல் திருத்தல் இருந்தா நெருப்பு ஏத்துக்காது. நாலா மடிச்சு, மெழுகுவர்த்தியில பத்தவெச்சு, கிண்ணத்துல போடணும். எரிஞ்சு முடியற வரைக்கும் கண்ணை எடுக்கக் கூடாது. மெழுகுவர்த்தியை வாயால ஊதி அணைக்கவே கூடாது, மூடி போட்டுத்தான் அணைக்கணும். ஊதினா நெருப்பை அவமானப்படுத்தின மாதிரி."

"ஐயோ! நான் நாற்பத்திரண்டு பிறந்தநாளுக்கும் ஊதியிருக்கேனே," என்றான் கொசு. "அதனாலதான் வாழ்க்கை இப்படி இருக்கா?"

சுடரம்மா சிரிக்காமல் நடந்ததைச் சொன்னாள். போன சனிக்கிழமை ஏழு மாணவர்களும், கூடவே அவளும் எழுதி எரித்தார்கள். எல்லார் கண்ணெதிரேயே காகிதங்கள் சாம்பலாயின. மூன்றாம் நாள், ஆறு பேர் வீட்டுக் கதவிடுக்கில் கடிதம் கிடந்தது. கரித்துண்டால் கோணல்மாணலாக எழுதி, கீழே 'நெருப்பு' என்று கையெழுத்து.

கொசு ஒன்றை எடுத்துச் சத்தமாகப் படித்தான். ஓட்டுநர் பள்ளி நடத்துகிறவருக்கு வந்தது. "'நீ நாலு தடவை தோற்ற பிறகுதான் லைசென்ஸ் வாங்கினாய் என்பது குற்றம் அல்ல. உன்னிடம் படிப்பவர்களிடம் சொல், தைரியம் வரும்.' அட, நெருப்பு நல்லாவே பேசுது. ஆனா பேனா வாங்க வழியில்ல போலிருக்கு."

"நெருப்பு நிஜமாவே பதில் போடுமா?" என்று மேடம் கேட்டார்.

சுடரம்மா எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "போடாது மேடம். பதினாறு வருஷமா சொல்லிக் குடுக்கறேன். இதுவரைக்கும் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. ஆனா மாணவர்களுக்கெல்லாம் தலைகால் புரியல. நெருப்பே பதில் போட்டுடுச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டாங்க. புதுசா இருபது பேர் சேரணும்னு நிக்கறாங்க."

"அப்ப உங்களுக்கு என்னதான் கஷ்டம்?"

அவள் ஏழாவது கடிதத்தை மேடத்தின் பக்கம் தள்ளினாள். அது அவளுக்கே வந்தது, இன்று காலையில்.

'இருபத்திரண்டு வருடம் போதும். இன்று மாலை ஆறு மணிக்குள் உன் தங்கையிடம் நீயே சொல். இல்லாவிட்டால் நான் சொல்வேன்.'

மணி அப்போது மூன்று. சுடரம்மா சால்வையை இழுத்து விட்டுக்கொண்டு, சொல்லத்தான் வேண்டும் என்று ஆனபின் கடகடவென்று சொல்லிவிட்டாள். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் அவர்கள் வீட்டுச் சமையலறை எரிந்தது. அடுப்பில் எண்ணெயை வைத்துவிட்டு அவள் போன் பேசப் போய்விட்டாள். அதற்குச் சற்று முன்னால் தங்கைதான் அதே அடுப்பில் வெந்நீர் போட்டிருந்தாள். பதினேழு வயது. அணைக்கப் போய் இடது கை வெந்தது. கடைசியாக அடுப்பைத் தொட்டது அவள்தான் என்று வீடே முடிவு கட்டிவிட்டது. அவளும் அப்படியே நம்பிவிட்டாள்.

"நீங்க?"

"நான் சும்மா இருந்துட்டேன் மேடம். அப்புறமா சொல்லிக்கலாம்னு."

"போன்ல யாரு?" என்றான் கொசு. கேட்க வேண்டிய கேள்வி அல்ல. ஆனால் கேட்காமல் இருந்தால் அவன் கொசு அல்ல.

"ராங் நம்பர்."

"அடுப்படி எரியற வரைக்கும் ராங் நம்பர்கிட்டயா பேசினீங்க?"

"நல்ல குரல் தம்பி," என்றாள் சுடரம்மா, தலையைக் குனிந்துகொண்டு.

மேடம் இரும வேண்டியிருந்தது.

"தங்கச்சி இப்போ எங்க?"

"கீழ வீட்டுல. அப்பாவும் அவளும் நானும்தான். வகுப்போட பதிவேடு, பெருக்கறது, துடைக்கறது எல்லாம் அவதான். ஆனா எதாவது எரிஞ்சுட்டு இருந்தா மாடிப்படி ஏறவே மாட்டா. நெருப்புன்னா அவ்வளவு பயம், அடுப்பைக்கூட பயந்துக்கிட்டேதான் பத்தவெப்பா. அவளுக்கு மட்டும் தெரிஞ்சுதுன்னா..." சால்வையால் முகத்தைத் துடைத்தாள். "அப்பாவுக்கு அப்புறம் எனக்கு இருக்கற ஒரே சொந்தம் மேடம் அவ. ஆளைக் கண்டுபிடிச்சு ஆறு மணிக்குள்ள வாயை அடைச்சிடுங்க."

"கண்டுபிடிக்கறது என் வேலை. வாயை அடைக்கறது என் வேலை இல்ல. அது முடியற காரியமா இருந்தா இவனை எப்பவோ அடைச்சிருப்பேன்," என்று கொசுவைக் காட்டினார் மேடம்.

படியிறங்கும்போதே கொசு கேஸை முடித்துவிட்டான்.

"ரொம்ப சுலபம் மேடம். ஏழு பேர்ல ஆறு பேருக்குக் கடிதம். வராத ஏழாவது ஆள் யாரு? அந்தப் பத்திரம் எழுதறவர். தனக்குத்தானே எவன் கடிதம் போட்டுக்குவான்? ஸ்கூட்டரை எடுங்க, போய் அமுக்குவோம்."

"நீ பஸ்ல இப்படித்தான் டிக்கெட் இல்லாதவனைப் பிடிப்பியா?"

"ஆமா. மூஞ்சியைப் பார்த்தாலே தெரிஞ்சுடும்."

"அதான் வேலை போச்சு."

பத்திரக்காரர் பதிவு அலுவலகத்துக்கு எதிரே, ஒரு மரத்தடி மேஜையில் உட்கார்ந்திருந்தார். எழுபதுக்கு மேல். எதிரே ஒரு குடும்பம் அவர் எழுதுவதையே பார்த்துக்கொண்டு நின்றது. பேனா காகிதத்தில் இறங்கியது, கடைசி வரி வரை நிற்கவே இல்லை. கையெழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது.

குடும்பம் போனதும் கொசு மேஜை மேல் இரண்டு கையையும் ஊன்றினான். "பெரியவரே, கரித்துண்டு எங்க?"

கிழவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மேடத்தைப் பார்த்தார். பார்த்ததும் பொங்கிவிட்டார்.

"நீங்க அந்த நெருப்பு விஷயமா வந்திருக்கீங்களா? நல்லதாப் போச்சு. நான் ஒரு புகார் குடுக்கணும். அந்த ஓட்டுநர் பள்ளிக்காரனுக்குப் பதில் வந்திருக்கு. பேக்கரிக்காரனுக்கு வந்திருக்கு. அவனுக்கு 'ன'வுக்கும் 'ண'வுக்கும் வித்தியாசம் தெரியாது. எனக்கு மட்டும் வரல! ஐம்பது வருஷமா எழுதறேன், என் மனு ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல. என் மனுவுல என்ன குறை கண்டுச்சு அந்த நெருப்பு?"

கொசுவின் கைகள் மேஜையிலிருந்து தாமாகவே எழுந்துகொண்டன. இவ்வளவு மனம் நொந்த குற்றவாளியை அவன் பார்த்ததில்லை.

மேடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அன்னைக்கு எழுதறப்ப எத்தனை காகிதம் ஆச்சு உங்களுக்கு?"

"எத்தனையா? ஒண்ணு. ஒரு மனு, ஒரு காகிதம். பத்திரத்துல அடித்தல் இருந்தா அது பத்திரமே இல்லம்மா. மத்தவங்கதான் கிறுக்கிக் கிறுக்கித் தூக்கிப் போட்டுட்டு இருந்தாங்க. நான் எழுதி எரிச்சுட்டு, அவங்க முடிக்கற வரைக்கும் கொட்டாவி விட்டுட்டு உட்கார்ந்திருந்தேன்."

மேடம் மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார். கொசுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காதபோதெல்லாம் தலையாட்டுவது என்பது அவன் கொள்கை, ஆகவே ஆட்டினான்.

அடுத்து பல் டாக்டர். அவள் ஒரு ஆளை நாற்காலியில் சாய்த்து, வாயைத் திறக்க வைத்து, வேலையாக இருந்தாள்.

"தனியா பேசலாமா?" என்றார் மேடம்.

"இங்கேயே பேசுங்க. இவருக்கு வாய் மரத்துப் போயிருக்கு, யார்கிட்டயும் சொல்ல முடியாது."

"ஆ," என்றார் நாற்காலியில் இருந்தவர்.

மேடம் அவளுக்கு வந்த கடிதத்தை நீட்டினார். 'மாமியாருடைய ரிமோட்டைத் திருப்பிக் கொடு. வயதானவருக்குத் தொலைக்காட்சி சத்தம்தான் துணை.' பல் டாக்டர் முகமூடிக்கு மேலே சிவந்துபோனாள்.

"குடுத்துட்டேன் மேடம், அன்னைக்கே குடுத்துட்டேன். நெருப்பு சொன்னா மறுக்க முடியுமா? எட்டு மாசமா அரிசி டப்பாவுல ஒளிச்சு வெச்சிருந்தேன்."

"ஆ?" என்றார் நாற்காலிக்காரர், இந்த முறை வேறு தொனியில்.

"யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க எரிச்ச காகிதத்துல இதே வார்த்தைகள்தான் இருந்துச்சா? மாமியார், ரிமோட்?"

பல் டாக்டர் கையிலிருந்த கருவியை வைத்தாள். யோசித்தாள். "இல்ல. முதல்ல அப்படித்தான் எழுதினேன். எழுதினதும் வெட்கமாயிடுச்சு. படிச்சவ, இப்படியா அல்பமா எழுதறதுன்னு அதை அடிச்சுட்டேன். அடிச்ச காகிதத்தை நெருப்பு ஏத்துக்காதே, அதனால கசக்கிப் போட்டுட்டு வேற காகிதத்துல, 'வீட்டில் ஒருவருடைய பொருளை மறைத்தேன்'னு நாகரிகமா எழுதி..." அவள் நிறுத்தினாள். "ஐயோ. எரிஞ்சதுல மாமியாரே இல்லையே!"

"எங்க கசக்கிப் போட்டீங்க?"

"கூடையிலதான். அங்க ஒரு குப்பைக் கூடை..."

"ஆஆ," என்றார் நாற்காலிக்காரர். அவருக்கும் புரிந்துவிட்டது. கொசுவுக்குத்தான் வாசலில் ஸ்கூட்டர் அருகே வந்த பிறகு புரிந்தது.

"பரீட்சையில பசங்க விடையைப் பளிச்சுன்னு எழுதிக் குடுப்பாங்கடா," என்றார் மேடம் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே. "காப்பியடிச்சானா, தெரிஞ்சு எழுதினானான்னு கடைசிப் பக்கத்துல இருக்கற ரஃப் ஒர்க்கைப் பார்த்தாத்தான் தெரியும். இங்க ஏழு பேரும் எரியற காகிதத்தையே கண் சிமிட்டாம பார்த்துட்டு இருந்தாங்க. எரியாத காகிதத்தை ஒருத்தரும் பார்க்கல. கிழவர் தப்பே பண்ணாதவர், கூடையில அவரோட காகிதமே கிடையாது. அதான் அவருக்குப் பதில் வரல."

"அப்ப தப்பு பண்ணினவங்களுக்குத்தான் கடிதம். நம்ம சுடரம்மாவும் கூடையிலதான் போட்டிருக்காங்க. சரி, அந்தக் கூடையைக் காலி பண்றது..." கொசு பாதியில் வாயை மூடினான். பெருக்குவது, துடைப்பது எல்லாம் யார் என்று சுடரம்மாவே சொல்லியிருந்தாள். பத்து வருட நட்பில் அவன் பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தை முடிக்காமல் விட்டது அதுதான் முதல் தடவை.

பட்டறைக்குப் பின்புறம், துணிக் கொடிக்குக் கீழே, தங்கை ஒரு முக்காலியில் உட்கார்ந்து வகுப்புப் பதிவேட்டில் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். முப்பத்தொன்பது வயது. இடது முழங்கை வரை தோல் சுருங்கி மினுமினுத்தது. இவர்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"கண்டுபிடிச்சுட்டீங்களா?" என்றாள்.

"கூடையை நீங்கதானே காலி பண்றீங்க?"

"ஆமா. எல்லாரும் போன பிறகு. சேர்றப்ப அவங்கவங்க கையாலேயே இதுல விலாசம் எழுதுவாங்க, எழுத்தை வெச்சே எது யாரோடதுன்னு தெரிஞ்சுடும்." பதிவேட்டின் அட்டைக்குள்ளிருந்து ஒரு கத்தை காகிதத்தை உருவி மேடத்திடம் கொடுத்தாள். எல்லாம் கசக்கப்பட்டு, பிறகு யாரோ பொறுமையாகத் தேய்த்து நேராக்கியவை. "எங்கக்காவோடது. பதினோரு காகிதம். வரிசையா வெச்சிருக்கேன், படிங்க."

கொசு மேடத்தின் தோளுக்கு மேலே எட்டிப் படித்தான். முதல் காகிதத்தில் கேஸ் குழாய் பழசாக இருந்தது. இரண்டாவதில் காற்று பலமாக அடித்தது. நான்காவதில் ஒரு பூனை வந்தது. ஏழாவதில் வீட்டில் எல்லோருமே கவனக்குறைவாக இருந்தார்கள். ஒவ்வொன்றும் பாதியில் அடிக்கப்பட்டிருந்தது. பதினோராவதில்தான், 'எண்ணெயை வைத்தது நான். என் தங்கை இல்லை. அவள்' என்று இருந்தது. 'அவள்' என்பதன் மேல் மட்டும் ஒரு கோடு. அதற்குப் பிறகு எழுதியதுதான் எரிந்திருக்க வேண்டும்.

"பூனையை வேற இழுத்திருக்காங்க," என்றான் கொசு மெதுவாக.

"எங்க வீட்டுல பூனையே கிடையாது," என்றாள் தங்கை. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு கண்ணும் நிறைந்தது, அதை அவள் துடைக்கவில்லை.

"மத்தவங்களுக்கு ஏன் எழுதினீங்க?"

"அவளுக்கு மட்டும் வந்தா உடனே தெரிஞ்சுடும் இல்லையா. நான்தான்னு தெரிஞ்சு சொன்னா அது எனக்கு வேண்டாம். அவளா சொல்லணும். அதுக்காக ஆரம்பிச்சேன்." தயங்கினாள். "அப்புறம் பிடிச்சுப் போச்சு. இத்தனை வருஷத்துல என் பேச்சை யாரும் கேட்டதில்ல மேடம். நெருப்புன்னு கையெழுத்துப் போட்டேன், ஒரு டாக்டர் ரிமோட்டைத் திருப்பிக் குடுத்துட்டா."

"ஆறு மணிக்கு மேல அவங்க சொல்லலேன்னா என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்றது? தங்கச்சிகிட்ட சொல்வேன்னு மிரட்டியாச்சு. நானே போய் என்கிட்ட சொல்லிக்கணும்." பிறகு சிரிப்பு போய்விட்டது. "இருபத்திரண்டு வருஷமா, நான் அடுப்பை அணைச்சதும் எங்கப்பா பின்னாலேயே வந்து கேஸை மூடியிருக்கேனான்னு திருகிப் பார்ப்பார். இன்னைக்குக் காலையில கூட. ஒரு வார்த்தை திட்ட மாட்டார். திருகிப் பார்த்துட்டுப் போயிடுவார். அதைப் பார்த்துட்டு அவ பக்கத்துலயே நிப்பா."

கொசுவுக்கு மாடியைப் பார்த்துக் கத்த வேண்டும் போல் இருந்தது. யாரோ ஒரு ராங் நம்பருக்காக ஒருத்தியின் ஆயுசில் பாதி போய்விட்டதே என்று பற்றிக்கொண்டு வந்தது.

மேடம் மாடியேறினார். சுடரம்மா கிண்ணத்தின் முன் உட்கார்ந்து, ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துக்கொண்டு, அதனிடம் ஏதோ கெஞ்சிக்கொண்டிருந்தாள். மணி ஐந்து நாற்பத்தைந்து.

"ஆள் யாருன்னு தெரிஞ்சுடுச்சு," என்றார் மேடம்.

"யாரு? யாரு மேடம்?"

"ஆறு மணி அடிச்சதும் சொல்றேன். அதுக்கு முன்னாடி சொன்னா என் வேலை முடியும், உங்க வேலை முடியாது."

"ஆறு மணிக்கு அப்புறம் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? இப்பவே போய்க் காலைப் பிடிச்சாவது..."

"யார் காலைப் பிடிக்கணும்னு உங்களுக்குத் தெரியாதா?"

சுடரம்மா மெழுகுவர்த்தியைப் பார்த்தாள். அது எப்போதும் போல எரிந்தது. ஆடவில்லை, அசையவில்லை, யோசனை எதுவும் சொல்லவில்லை. அவள் முகத்தில் அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. மூடியைத் தேடினாள், கைக்கு அகப்படவில்லை. வாயாலேயே உஃப் என்று ஊதி அணைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

கொசு தள்ளி நின்று கேட்டான். அது ஒட்டுக்கேட்பது அல்ல, தொழில். சுடரம்மா தங்கைக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, முதலில் துணிக் கொடியைப் பற்றிப் பேசினாள். பிறகு பழைய வீட்டைப் பற்றி. தங்கை பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தாள், ஒரு வார்த்தை உதவவில்லை.

"எண்ணெய் வெச்சது நான்தான்," என்றாள் சுடரம்மா கடைசியில். "போன் வந்தது. போயிட்டேன். நீ இல்ல. நீ அணைச்சுட்டுத்தான் போன, நான் பார்த்தேன். பார்த்துட்டும் சொல்லல. பயம்டி. அப்புறம் பயமும் போயிடுச்சு. பழகிடுச்சு."

தங்கை பதிவேட்டை மூடி வைத்துவிட்டு எழுந்தாள். கொசு எதிர்பார்த்த அழுகையும் இல்லை, கட்டிப்பிடிப்பதும் இல்லை.

"சரி. எழுந்திரு," என்றாள். "அப்பாகிட்ட வந்து சொல்லு."

"அப்பாகிட்டயா? எண்பத்து மூணு வயசுடி அவருக்கு. தாங்க மாட்டார்."

"நான் பதினேழு வயசுல தாங்கினேன்."

பின்னறையில் அவர்களுடைய அப்பா சன்னலோரம் சாய்வு நாற்காலியில் இருந்தார். இரும்பு கடையும் கடைசல் பட்டறையில் ஐம்பது வருடம் நின்ற உடம்பு, கை மட்டும் இன்னும் பெரிதாக இருந்தது. சுடரம்மா இந்த முறை துணிக் கொடியில் ஆரம்பிக்கவில்லை. நான்கே வாக்கியம். கிழவர் கேட்டார். காது மந்தமோ என்று கொசு நினைத்த நேரத்தில், அவர் மூத்தவளைத் தாண்டிச் சின்னவளைப் பார்த்தார்.

"இங்க வா," என்றார்.

அவள் போனாள்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல, அத்தனை பேருக்கு முன்னாடி உன்னை அடிச்சேன். கையில கட்டோட நின்ன. எந்தக் கன்னம்?"

பரவாயில்லப்பா என்பாள், ஞாபகம் இல்லப்பா என்பாள் என்று கொசு எண்ணினான். அவனாக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பான்.

"இடதுப்பா," என்றாள் அவள்.

கிழவர் கையை நீட்டினார். நாற்காலியிலிருந்து அது அவள் முகம் வரை எட்டவில்லை. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இடது பக்கத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள்.